எஞ்சினுக்கு எந்த மெத்தை?

மதுரை மாட்டுத்தாவணி நிலையத்தில் புறப்படக் காத்திருக்கும் ஒரு பேருந்தில் ஏறி உட்காருங்கள். ஓட்டுநர் எஞ்சினை இயக்கிவிட்டு நடத்துநரின் விசிலுக்காகக் காத்திருக்கிறார். வண்டி இன்னும் நகரவில்லை. ஆனால் ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடுகின்றன. கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் உள்ளங்கை கூசுகிறது. வண்டி மேலூர் சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் அந்தக் கடகடப்பு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஆட்டம் அதிகம். வேகமாகச் சுழலும்போது குறைவு. நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

இந்தப் புதிரின் விடையில் பெரும்பகுதி, எஞ்சினுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் சில ரப்பர் கட்டிகளில் இருக்கிறது. பட்டறைகளில் இவற்றை ‘எஞ்சின் மவுண்டிங்’ என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள்தான். ஆனால் பழைய காரில் வேறு எஞ்சினைப் பொருத்தும்போது, அந்த மாற்றம் நிலைக்குமா நிலைக்காதா என்பதைப் பல சமயம் இந்த ரப்பரே தீர்மானிக்கிறது.

மதுரையும் ரப்பரும்

மோட்டார் வண்டிக்கும் மதுரைக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட உறவு உண்டு. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தம் நிறுவனத்தை இங்கேதான் தொடங்கினார். பேருந்துப் போக்குவரத்தில் தொடங்கிய அந்தத் தொழில், நாளடைவில் வாகன உதிரிப் பாகங்கள், டயர், ரப்பர் பாகங்கள் என்று கிளைவிட்டது. கோச்சடையில் வாகனங்களுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் ஆலையும், மேலூர் வழியில் வெள்ளரிப்பட்டியில் டயர் ஆலையும் எழுந்தன. கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளில் சிறு தொழிற்கூடங்கள் பல உள்ளன. ரப்பர் பால் வடியும் மரங்களும் தொலைவில் இல்லை. தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன.

மரத்திலிருந்து வரும் ரப்பர் அப்படியே பயன்படாது. வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டார். நூல் நூலாக நெளிந்து கிடக்கும் ரப்பர் மூலக்கூறுகளை, கந்தக அணுக்கள் ஆங்காங்கே பாலம் போட்டுப் பிணைக்கின்றன. அதனால் இழுத்தால் நீளும். விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். டயர்க் கடைகளின் பலகையில் ‘வல்கனைசிங்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த வினையின் பெயர்தான்.

அம்பாசிடரும் அதன் பந்தயச் சகோதரனும்

இனி நம் கதையின் நாயகனுக்கு வருவோம். இந்திய சாலைகளின் அடையாளமாக இருந்த அம்பாசிடர் கார் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை உற்பத்தி செய்யப்பட்டது. பல ஆண்டுகள் அதில் இருந்தது 1489 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது அது. 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற அழகிய இருவர் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே வரிசையின், இதே 1489 கன செ.மீ. அளவுள்ள எஞ்சின்தான் இருந்தது! கல்யாண ஊர்வலத்தில் நிதானமாகப் போன அம்பாசிடரும், பந்தயத் திடலில் பறந்த எம்.ஜி.ஏ.யும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்.

பெட்ரோல் விலை ஏற ஏற, டீசல் எஞ்சினின் சிக்கனம் நம்மவர்களைக் கவர்ந்தது. 1980களில் அம்பாசிடர், டீசல் எஞ்சினோடும் தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கியது. ஆனால் ஏற்கெனவே பெட்ரோல் காரை வைத்திருந்தவர்கள் என்ன செய்வது? வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்குப் புதுக் கார் வாங்க முடியாது. எனவே பழைய பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். பெட்ரோல் ஜீப்புகளுக்கும் இதே கதிதான். தமிழகத்தின் நகரங்களில் இந்த ‘எஞ்சின் மாற்றம்’ பட்டறைகளுக்கு ஒரு தனித் தொழிலாகவே இருந்தது.

மாற்றி முடித்த வண்டி ஓடும். முதல் வாரம் உரிமையாளருக்கு மகிழ்ச்சி. பிறகு? மவுண்டிங் தவறாக அமைந்திருந்தால் ஸ்டியரிங் நடுங்கும். கியர்க் கம்பி கையில் துள்ளும். திருகுகள் தாமாகக் கழலும். சைலன்சர்க் குழாய் வெடிக்கும். சில மாதங்களில் தாங்கு தகடு விரிசல் விடும். டீசலில் மிச்சம் பிடித்த காசு பட்டறைக்கே போய்விடும். ஏன் இப்படி?

எஞ்சின் ஏன் ஆடுகிறது?

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது மற்ற இரண்டு கீழே வருகின்றன. எடைக்கு எடை சரியாகிவிட்டதே, ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் கணக்கு நோட்டில் பிதகோரஸ் தேற்றத்தைக் கொண்டே இதைக் கண்டுபிடிக்கலாம்.

பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை செல்லும் தூரம் 89 மி.மீ. என்க. அதைக் கிராங்குத் தண்டோடு சேர்க்கும் இணைப்புத் தண்டின் நீளம் 165 மி.மீ. என்க. கிராங்கு முதல் கால் சுற்று திரும்பும்போது பிஸ்டன் 44.5 மி.மீ., அதாவது சரிபாதி, இறங்கும் என்று தோன்றும். ஆனால் அப்போது இணைப்புத் தண்டு சாய்ந்து நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பிஸ்டன் ஏறத்தாழ 50½ மி.மீ. இறங்கியிருக்கும். அடுத்த கால் சுற்றில் இறங்குவது மீதி 38½ மி.மீ. மட்டுமே. ஆக, மேல்பாதியில் பிஸ்டனுக்கு வேகம் அதிகம், கீழ்ப்பாதியில் குறைவு. மேலே போகும் இரண்டும் கீழே வரும் இரண்டும் முற்றிலும் சமன் ஆவதில்லை. மிஞ்சிய விசை, ஒரு சுற்றுக்கு இருமுறை எஞ்சினை மேலும் கீழுமாக உலுக்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு எரிப்புகள். ஒவ்வோர் எரிப்பும் கிராங்கை ஒரு பக்கம் திருக, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எஞ்சின் உடல் எதிர்ப்பக்கம் திரும்ப முயல்கிறது. செக்கிழுக்கும் மாடு நடையை ஒரே சீராக வைக்காமல் சுண்டிச் சுண்டி இழுத்தால் செக்கு எப்படிக் குலுங்கும்? அதே கதைதான்.

பெட்ரோல் எஞ்சினில் உள்ளே இழுக்கப்பட்ட காற்று ஏறத்தாழ 7 முதல் 10 மடங்கு அமுக்கப்படுகிறது. டீசலிலோ 16 முதல் 23 மடங்கு வரை. ஆகவே டீசலின் ஒவ்வோர் உதையும் பலமானது. எஞ்சினும் கனமானது. பெட்ரோல் எஞ்சினுக்காகச் செய்த மெத்தையில் டீசல் எஞ்சினை உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று இப்போது ஊகிக்கலாம்.

ஊஞ்சலின் பாடம்

திருவிழாக் கடைத் தெருவில் ஊஞ்சல் ஆடியிருப்பீர்கள். ஊஞ்சலுக்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தோடு சேர்ந்து தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் ஊஞ்சல் உயரப் போகும். இதை ஒத்ததிர்வு என்கிறோம். தாளம் தப்பி, மிக வேகமாகத் தட்டிக்கொண்டே இருந்தால் ஊஞ்சல் அசையாமல் நிற்கும்.

ரப்பர் மேல் உட்கார்ந்த எஞ்சினும் ஓர் ஊஞ்சல்தான். அதற்கும் ஓர் இயல் அதிர்வெண் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. எஞ்சினை மவுண்டிங் மேல் இறக்கும்போது ரப்பர் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால், எஞ்சின் ஒரு விநாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்பது தெரியும்.

எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்று என்ற மெதுவான நிலையில் ஓடுகிறது என்க. விநாடிக்கு 12½ சுற்று. ஒரு சுற்றுக்கு இரு உதை. ஆக விநாடிக்கு 25 உதை. மூன்று வகை மவுண்டிங்கைப் பார்ப்போம்.

முதல் ரப்பர் மிகக் கடினமானது. அரை மி.மீ. மட்டுமே அமுங்குகிறது. இயல் அதிர்வெண் ஏறத்தாழ 22. எஞ்சின் உதைப்பதோ 25. இரண்டும் நெருங்கிவிட்டன! கணக்குப்படி, எஞ்சினின் உலுக்கல் கிட்டத்தட்ட நான்கு மடங்காகப் பெருகிச் சட்டத்துக்குப் போகும்.

இரண்டாவது, 1 மி.மீ. அமுங்குகிறது. இயல் அதிர்வெண் ஏறத்தாழ 16. உலுக்கலில் மூன்றில் இரண்டு பங்கு சட்டத்துக்குப் போகும்.

மூன்றாவது, 4 மி.மீ. அமுங்குகிறது. இயல் அதிர்வெண் ஏறத்தாழ 8. உலுக்கலில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே கடந்து செல்லும்.

பொதுவிதி இதுதான்: எஞ்சின் உதைக்கும் வேகம், இயல் அதிர்வெண்ணைப் போல் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் நன்மை செய்யும். அதற்குக் குறைந்தால் ரப்பர் போட்டதே தீமை. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று விலக விலக நன்மை பெருகும்.

பேருந்துப் புதிர் இப்போது விடுபடுகிறது. நின்றிருக்கும்போது எஞ்சினின் உதை, மவுண்டிங்கின் தாளத்துக்கும், கண்ணாடி, கம்பி, தகடு இவற்றின் தாளங்களுக்கும் அருகில் இருக்கிறது. வேகமெடுத்ததும் உதை வெகுதூரம் விலகிப்போகிறது. எஞ்சினை நிறுத்தும்போது கடைசியாக ஒரு பெரிய குலுக்கல் வருமே, கவனித்திருக்கிறீர்களா? சுழற்சி குறைந்து குறைந்து பூச்சியத்தை அடையும் வழியில், அந்த இயல் அதிர்வெண்ணை ஒருகணம் கடந்தே தீரவேண்டும். அந்தக் கணத்தின் குலுக்கல்தான் அது.

உண்மையான எஞ்சின் மேலும் கீழும் மட்டும் ஆடுவதில்லை. பக்கவாட்டில் உருளும், முன்னும் பின்னும் தலையாட்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனி இயல் அதிர்வெண் உண்டு. அதிரும்போது ரப்பர், அசையாமல் அமுங்கும்போது இருப்பதைவிடச் சற்று விறைப்பாகவும் நடந்துகொள்ளும். எனவே மேலே சொன்னது தொடக்கக் கணக்குத்தான். ஆனால் பெரிய தவறுகளைத் தவிர்க்க இதுவே போதும்.

செய்து பாருங்கள்

நான்கைந்து ரப்பர் வளையங்களைச் சங்கிலியாகக் கோத்து, நுனியில் ஒரு சிறு பூட்டைக் கட்டுங்கள். மறுநுனியைக் கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். முகத்திலிருந்து தள்ளிப் பிடியுங்கள்.

முதலில் கையை மிக மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். பூட்டும் கையோடு அசையும். வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரு குறிப்பிட்ட தாளத்தில் பூட்டு துள்ளிக் குதிக்கும். கை கொஞ்சமே அசைந்தாலும் பூட்டு ஒரு சாண் பாயும். இன்னும் வேகமாகக் கையை ஆட்டுங்கள். என்ன வியப்பு! கை படபடக்கிறது, பூட்டு ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கிறது. எஞ்சின் மவுண்டிங்கின் முழு ரகசியமும் இந்த மூன்று நிலைகளில் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் பஞ்சுபோல் மென்மையாகப் போட்டால் என்ன?

மென்மை கூடக்கூட அதிர்வு குறையும் என்றால், மிகமிக மென்மையான ரப்பரைப் போட்டுவிடலாமே? இங்குதான் பொறியாளருக்குத் தலைவலி தொடங்குகிறது.

எஞ்சினின் முறுக்கு விசை 10 கிலோகிராம்-மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் அது ஏறத்தாழ 3.8 மடங்காகிறது. கியர் பாக்ஸும் எஞ்சினும் ஒரே உடலாகப் பிணைந்திருப்பதால், 38 கிலோகிராம்-மீட்டர் முறுக்கை மவுண்டிங்குகளே எதிர்த்துத் தாங்கவேண்டும். இடது, வலது மவுண்டிங்குகளின் இடைவெளி அரை மீட்டர் என்றால், 38ஐ 0.5ஆல் வகுத்தால் 76. அதாவது ஒரு பக்க ரப்பரை 76 கிலோ எடை கூடுதலாக அழுத்துகிறது. மறுபக்க ரப்பரை அதே 76 கிலோ தூக்கப் பார்க்கிறது. கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் இன்னும் அதிகம்.

ரப்பர் அளவுக்கு மீறி மென்மையாக இருந்தால் எஞ்சின் ஒரு பக்கம் எழும்பிச் சாயும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் விசிறி, ரேடியேட்டரில் மோதும். ஆக்சிலரேட்டர்க் கம்பி இழுபடும். பள்ளத்தில் விழுந்தால் எஞ்சினின் அடித்தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். மதுரையிலிருந்து உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களுக்குப் போகும் மண்பாதைகளில் ஓடவேண்டிய வண்டிக்கு இது ஆகாது.

ஆக, மெதுவாக ஓடும்போது மென்மையும், திடீர் விசை வரும்போது கடினமும் வேண்டும். ஒரே பொருளில் இரு குணமும் கிடைக்குமா?

ஒரு அழிரப்பரை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நேராக அழுத்துங்கள். எளிதில் அமுங்காது. இப்போது அழுத்தாமல் ஒரு கையை மேலும் மற்றொரு கையைக் கீழுமாகச் சறுக்குங்கள். எளிதில் நெளியும். அமுக்கத்தில் ரப்பர் கடினம். சறுக்குப் பெயர்ச்சியில் மென்மை. மவுண்டிங்கைப் படுக்கையாக வைக்காமல் சாய்வாக, இரு பக்கமும் ‘வி’ வடிவில் நிற்கும்படி அமைத்தால், ஒரு திசையில் மென்மையும் மற்றொரு திசையில் கடினமும் வேண்டிய அளவு கிடைக்கும். பல கார்களின் முன் மவுண்டிங்குகள் சாய்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். எல்லை மீறி அசைந்தால் தடுக்க, உள்ளேயே ஒரு முட்டுத் தடையும் வைப்பார்கள்.

மிதக்கும் எஞ்சின்

ஆரம்பகாலக் கார்களில் எஞ்சினைச் சட்டத்தில் நேராகவே திருகி வைத்தார்கள். எஞ்சினும் சேர்ந்து சட்டத்துக்கு உறுதி தரும் என்று நினைத்தார்கள். பயணிகளின் எலும்பு நடுங்கியதுதான் மிச்சம்.

1931இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் ‘மிதக்கும் சக்தி’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு புது அமைப்பைக் கொண்டுவந்தது. எஞ்சின் எந்த அச்சைச் சுற்றித் தானாக உருள விரும்புகிறதோ, அந்த அச்சின் மேல், அதாவது புவியீர்ப்பு மையத்தின் ஊடே செல்லும் கோட்டின் மேல், முன்னால் உயரத்தில் ஒன்றும் பின்னால் தாழ்வில் ஒன்றுமாக ரப்பர் தாங்கிகள் அமைந்தன. எஞ்சின் தன் இஷ்டப்படி உருளலாம். சட்டத்தைத் தொந்தரவு செய்யாது. நான்கு சிலிண்டரின் சிக்கனத்தோடு எட்டு சிலிண்டரின் மென்மை கிடைக்கிறது என்று விளம்பரம் செய்தார்கள். பிரான்சின் சித்ரோவன் நிறுவனம் உரிமை பெற்று இதைப் பயன்படுத்தியது. நீரில் மிதக்கும் அன்னத்தை அந்தக் கார்களின் சின்னமாக்கியது.

பந்தயக் கார்களின் வழி வேறு. 1967இல் வந்த லோட்டஸ் 49 என்ற பந்தயக் காரில் எஞ்சினே வண்டியின் பின்பாதிச் சட்டமாக நின்றது. ரப்பருக்கு இடமே இல்லை! எடை குறைந்தால் போதும், ஓட்டுநரின் சுகம் இரண்டாம்பட்சம். சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 1964இல் வெளிவந்த சன்பீம் டைகர், ஆல்பைன் என்ற சிறு காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குப் பதிலாக ஃபோர்டின் எட்டு சிலிண்டர் எஞ்சினைத் திணித்துச் செய்தது. உலகப் புகழ்பெற்ற எஞ்சின் மாற்றங்களில் அது ஒன்று. பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு எஞ்சின் போடுவோர் இன்று கடினமான பாலியூரித்தேன் மவுண்டிங்கை விரும்புவதுண்டு. எஞ்சின் அசையாது, கியர் துல்லியமாக விழும். ஆனால் நிற்கும்போது கார் முழுவதும் நடுங்கும். எது வேண்டும் என்பதை வண்டியின் வேலைதான் சொல்லவேண்டும்.

எந்த ரப்பர்?

இயற்கை ரப்பர் அதிர்வுக்கு மிக ஏற்றது. கோடிக்கணக்கான முறை நெளிந்தாலும் எளிதில் சோர்வதில்லை. உள்ளே சூடும் அதிகம் ஏறாது. ஆனால் அதற்கு எண்ணெய் பரம எதிரி. எஞ்சின் எண்ணெயோ டீசலோ தொடர்ந்து சொட்டினால் ஊறி உப்பி, பிசுபிசுத்துப் போகும். நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும். ஆனால் அதிர்வைத் தாங்குவதில் இயற்கை ரப்பருக்கு ஈடாகாது. நியோப்ரீன் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

எனவே வழக்கமாக இயற்கை ரப்பரையே வைத்து, அதன்மேல் எண்ணெய் சொட்டாமல் ஒரு தகட்டு மறைப்பும், புகைக்குழாயின் வெப்பம் படாமல் ஒரு தடுப்பும் போடுகிறார்கள். டயரைக் கறுப்பாக்கும் அதே கரித்தூளைக் கூட்டியும் குறைத்தும் சேர்த்து, கடினத்தை வேண்டியபடி மாற்றலாம்.

இன்னொரு நுட்பம், ரப்பரையும் இரும்பையும் ஒட்டுவது. வெறும் பசை போட்டு ஒட்டினால் நாலு நாளில் பிரிந்துவிடும். தகட்டைத் துப்புரவாக்கி, அதற்கென்றே உள்ள இரசாயனப் பூச்சைப் பூசி, அச்சில் வைத்து, ரப்பரை அழுத்தத்தோடு வேகவைக்கும்போதே பிணைப்பும் உண்டாகிறது. நல்ல மவுண்டிங்கை இழுத்துக் கிழித்தால் ரப்பர்தான் கிழியவேண்டும், ஒட்டு விடக்கூடாது. பழைய டயரிலிருந்து வெட்டிய துண்டை மவுண்டிங்காக வைப்பது ஏன் தவறு என்பது இப்போது விளங்கும். டயருக்குள் துணியும் கம்பியும் இருக்கின்றன. கடினம் எவ்வளவு என்று தெரியாது. இரும்போடு பிணைப்பும் கிடையாது.

பொருத்தும் முறை

நல்ல பட்டறை எப்படிச் செய்யும் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்து எடை போடவேண்டும். 200 கிலோ என்க. சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டால், அது சாயாமல் நிற்கும் இடத்தைக் கொண்டு புவியீர்ப்பு மையத்தை அறியலாம். முன் மவுண்டிங்குகளுக்குப் பின்னால் 40 செ.மீ. தொலைவில் மையம் இருக்கிறது. கியர் பாக்ஸின் அடியில் உள்ள பின் மவுண்டிங், முன்னதிலிருந்து 100 செ.மீ. தள்ளி இருக்கிறது என்க. நெம்புகோல் விதிப்படி பின் மவுண்டிங் தாங்கும் எடை 200 × 40 ÷ 100 = 80 கிலோ. மீதி 120 கிலோவை முன் மவுண்டிங்குகள் இரண்டும் ஆளுக்கு 60 ஆகப் பகிர்ந்துகொள்ளும்.

எல்லாம் ஒரே அளவாக 4 மி.மீ. அமுங்க வேண்டுமானால், முன் ரப்பர் ஒவ்வொன்றும் மி.மீ.க்கு 15 கிலோ விறைப்பும், பின் ரப்பர் 20 கிலோ விறைப்பும் உடையதாக இருக்கவேண்டும். ‘கடையில் கிடைத்த ஒரே ரப்பரை மூன்று இடத்திலும் போட்டேன்’ என்றால் எஞ்சின் ஒரு பக்கம் தாழ்ந்து, பின்னால் செல்லும் புரொப்பெல்லர் தண்டின் கோணமும் கெடும்.

கணக்குப் போட வசதி இல்லாதவருக்கும் ஒரு நல்ல வழி உண்டு. புதிய எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ, அந்த வண்டியின் மவுண்டிங்குகளையே வாங்கி, அங்கிருந்த அதே சாய்விலும் இடைவெளியிலும் வைப்பது. அந்த எஞ்சினின் எடையையும் உதையையும் கணக்கிட்டுச் செய்தவை அல்லவா அவை! பட்டறையில் செய்யவேண்டியது, காரின் சட்டத்துக்கும் மவுண்டிங்குக்கும் இடையே வரும் இரும்புத் தாங்கிகளை மட்டுமே. இந்தத் தாங்கி வலுவாக இருக்கவேண்டும். தாங்கியே வளைந்தால் ரப்பரின் கணக்கெல்லாம் வீண். கூர்மூலை விட்டு வெல்டு செய்தால் அங்கேதான் விரிசல் தொடங்கும். மூலைக்கு முக்கோணத் தகடு கொடுக்கவேண்டும். எஞ்சினைச் சுற்றி எல்லாப் பக்கமும் அசைய இடம் விடவேண்டும். புகைக்குழாய், டீசல் குழாய், கம்பிகள் எல்லாம் வளைந்து கொடுப்பவையாக இருக்கவேண்டும்.

பலர் மறந்துவிடும் ஒன்றையும் சொல்லவேண்டும். ரப்பர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது! எஞ்சினைச் சுழற்றித் தொடங்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் தேவை. அது சட்டத்தின் வழியாக மின்கலத்துக்குத் திரும்பவேண்டும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே தடித்த செம்புப் பின்னல் பட்டை ஒன்றைப் போட மறந்தால், மின்னோட்டம் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர்க் கம்பியின் வழியே பாய்ந்து அதைப் பழுக்கக் காய்ச்சிவிடும்.

சட்டத்தின் வழி என்றதும் இன்னொரு சட்டமும் நினைவுக்கு வருகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, எஞ்சின் வகையை மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். பதிவுப் புத்தகத்திலும் மாற்றம் குறிக்கப்படவேண்டும். சாலையில் மற்றவர்களும் போகிறார்கள் அல்லவா? கனமான எஞ்சின் வந்தால் பிரேக்கும் முன் ஸ்பிரிங்கும் அதற்கேற்ப இருக்கின்றனவா என்பது எல்லோருடைய பாதுகாப்பையும் பற்றிய கேள்வி.

மின் மோட்டார் வந்தாலும்

இன்று பழைய கார்களிலும் ஆட்டோக்களிலும் எஞ்சினை எடுத்துவிட்டு மின் மோட்டாரைப் பொருத்தும் முயற்சிகள் நடக்கின்றன. எரிப்பு இல்லை, பிஸ்டன் இல்லை. மவுண்டிங்கும் வேண்டாமே என்று நினைக்கலாம். வேண்டும்! மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கு விசையையும் தரவல்லது. அதைத் தாங்க மவுண்டிங் தேவை. மோட்டாரிலும் பற்சக்கரங்களிலும் எழும் மெல்லிய ‘கீ’ என்ற ஒலியைத் தடுக்கவும் தேவை. எஞ்சின் விநாடிக்கு 25 முறை உதைத்தது. இது நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான முறை நடுங்குகிறது. கணக்கின் எண்கள் மாறுகின்றன. ஊஞ்சலின் விதி மாறவில்லை.

அடுத்தமுறை உங்கள் தெருவில் ஒரு கார் முன்மூடி திறந்து நின்றால், மெக்கானிக் அண்ணனிடம் அனுமதி கேட்டு எட்டிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது உள்ளே கையை நீட்டக்கூடாது. எஞ்சின் எத்தனை இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, மவுண்டிங் படுத்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா, ரப்பரில் எண்ணெய் படிந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தச் சொல்லி, அந்தக் கடைசிக் குலுக்கலைக் கவனியுங்கள். அது பெரிதாகவும் நீண்டும் இருந்தால், ரப்பரை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது என்று நீங்களே அவரிடம் சொல்லலாம்.